ஒன்ராறியோ மண்ணுக்குச் சொந்தமான லூபினை வீட்டு வளவில் வளர்ப்பது எப்படி?

முல்லைக்கொடி (ஸ்காபரோ), செப்டெம்பர்

அனைவருக்கும் வணக்கம். கடந்த மே மாத இறுதியில் மகளையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ரொறன்ரோ ஹை பார்க்குக்குப் போயிருந்தேன். அங்கே கறுப்பு ஓக் மரங்கள் இடைவிட்டு நிற்கும் மணற்பாங்கான சரிவொன்றில், முழங்கால் உயரத்துக்கும் குறைவாக, நீலமும் ஊதாவும் கலந்த பூக்கதிர்கள் கூட்டமாக நின்றன. அம்மா அருகே குனிந்து பார்த்துவிட்டு, "இது அவரைப் பூவின் சாயல் அல்லவா?" என்றார். உண்மையிலேயே அவரை இனம்தான் என்றும், பெயர் லூபின் என்றும், ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே இந்த மண்ணில் வளர்வது என்றும் அங்கே நின்ற தன்னார்வலர் ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து அந்தச் செடி எங்கள் வளவிலும் நிற்கவேண்டும் என்ற ஆசை எனக்குப் பிடித்துக்கொண்டது.

ஆனால் இதற்கு முன்பே ஒருமுறை நான் ஏமாந்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் "காட்டு லூபின்" என்று எழுதியிருந்த ஒரு விதைப் பொட்டலத்தைக் கடையில் வாங்கி விதைத்தேன். பெரும்பாலான விதைகள் முளைக்கவே இல்லை; முளைத்த நான்கைந்து செடிகளும் இரண்டாம் ஆண்டில் என் மார்பளவு உயர்ந்து, இளஞ்சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்தன. பூ அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தண்டு தெரியாத அளவுக்கு அசுவுணி அப்பிக்கொண்டது. அடுத்த பனிக்காலத்துக்குப் பின் ஒன்றுகூட எழவில்லை. ஹை பார்க்கில் பார்த்ததற்கும் அதற்கும் தொடர்பே இல்லாததுபோல் இருந்தது.

எங்கள் வளவு மண் பிசுபிசுத்த களிமண். மழைக்குப் பிறகு மண்வெட்டி வைத்தால் பானை செய்யலாம் போல வரும். வெயில் மட்டும் பின்புறத்தில் காலையிலிருந்து மாலை நான்கு மணிவரை தடையின்றி விழுகிறது. இந்த மண்ணில் அந்தச் செடி நிற்குமா, விதையை எப்படிப் பதப்படுத்த வேண்டும், எது உண்மையான உள்ளூர்ச் செடி என்று எதை வைத்து அறிவது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொல்லித்தந்தால் பெரிய உதவியாக இருக்கும். அம்மாவுக்கு ஒரு தனிக் கேள்வி இருக்கிறது: காயை அவரைக்காய்போல் கறி வைக்கலாமா?

வடமராட்சி (லண்டன், ஒன்ராறியோ)

தங்கைக்கு வணக்கம். அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. வைக்கக் கூடாது. லூபினின் காயிலும் விதையிலும் லுபானின், ஸ்பார்ட்டீன் போன்ற கசப்பு அல்கலாய்டுகள் உள்ளன. இவை நரம்பு மண்டலத்தைத் தாக்கக்கூடியவை. மத்தியதரைக் கடல் நாடுகளில் வெள்ளை லூபின் என்ற வேறோர் இனத்தின் பருப்பை வேகவைத்து, நாட்கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கசப்பை நீக்கி உண்கிறார்கள். அதை வைத்து நம் வளவிலுள்ளதையும் உண்ணலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. காய் முற்றும் பருவத்தில் மயிர் படர்ந்த சிறு அவரைக்காய்போலவே இருக்கும் என்பதால், சிறு பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இனி நீங்கள் வாங்கிய பொட்டலத்துக்கு வருவோம். நீங்கள் விதைத்தது பெரும்பாலும் தோட்டக் கலப்பினம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த லூபினஸ் பாலிஃபில்லஸ் என்ற இனத்தை டேவிட் டக்ளஸ் என்ற தாவர சேகரிப்பாளர் 1820-களில் பிரித்தானியாவுக்குக் கொண்டுசென்றார். பின்னாளில் யோர்க் நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் ரஸல் என்ற தோட்டக்காரர் அதை மற்ற இனங்களோடு சேர்த்துப் பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்து வளர்த்து, 1937-இல் பார்வைக்கு வைத்தார். இன்று கடைகளில் காணும் பலவண்ணக் கதிர்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. ஒன்ராறியோவுக்கும் கிழக்கு அமெரிக்க மாநிலங்களுக்கும் சொந்தமானதோ லூபினஸ் பெரெனிஸ். பொட்டலத்தில் என்ன பொதுப்பெயர் இருந்தாலும், இந்த அறிவியற்பெயர் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

கண்ணால் பிரித்தறிவதும் கடினமில்லை. இலையை உள்ளங்கையில் வைத்துச் சிற்றிலைகளை எண்ணுங்கள். நம் ஊர் நொச்சி இலை விரல்களை விரித்ததுபோல் இருக்குமே, அதே அமைப்புத்தான் இங்கும். உள்ளூர் லூபினில் பெரும்பாலும் ஏழு முதல் பதினொரு சிற்றிலைகள், ஒவ்வொன்றும் சிறியதாகவும் நுனி சற்று மழுங்கியும் இருக்கும். மேற்குக் கரைச் செடியிலும் கலப்பினத்திலும் சிற்றிலைகள் நீண்டு, கூர்ந்து, பதின்மூன்று, பதினைந்து என்று எண்ணிக்கையில் மிகுந்திருக்கும். உயரமும் சொல்லிவிடும்: உள்ளூர்ச் செடி 30 முதல் 60 சென்டிமீற்றர் வரைதான் எழும், மற்றது ஒரு மீற்றரைத் தாண்டும். இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த கதிரைக் கண்டால் ஐயமே வேண்டாம், அது கலப்பினம்தான்.

மண் விடயத்தில் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: நீங்கள் சொல்லும் களிமண்ணில் இது நிற்காது. வலிகாமத்துச் செம்மண்ணில் எருவைக் கொட்டி வெங்காயம் வளர்த்த பழக்கம் நம் கையில் ஊறியிருப்பதால், எந்தச் செடியைக் கண்டாலும் மண்ணைக் கொழுக்கவைக்கத் தோன்றுகிறது. லூபினுக்கு வேண்டியதோ மணற்காட்டு மண். ஹை பார்க்கின் அந்தச் சரிவு, பனியுகத்தின் முடிவில் அங்கே பரந்திருந்த இரோகுவா என்ற பெரிய ஏரி விட்டுச்சென்ற மணல். பெய்த மழை ஒரு மணி நேரத்தில் இறங்கி மறைந்துவிடும். அந்த மண்ணில் சத்துக் குறைவு, ஆகவே புல்லும் களையும் அடர்ந்து மூடமுடிவதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் லூபின் வாழ்கிறது. அதற்கு வேண்டிய நைதரசனை அது தானே காற்றிலிருந்து தேடிக்கொள்ளும், வேரிலுள்ள முடிச்சுகளின் துணையோடு.

ஆகவே உங்களிடம் உள்ள வழி மேட்டுப் பாத்தி. களிமண்ணோடு இரண்டு மூட்டை மணலைக் கலந்து சரிசெய்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். அப்படிக் கலந்தால் காய்ந்தபின் செங்கல்லாகிவிடும், நானே செய்து பார்த்துக் கைவிட்ட வேலை அது. களிமண்ணுக்கு மேலே, 40 சென்டிமீற்றர் உயரத்துக்காவது கழுவிய பருமணலை நிரப்புங்கள். மேலிருந்து ஒரு கையளவு ஆழத்துக்கு மட்டும் சாதாரணத் தோட்ட மண்ணை நாலில் ஒரு பங்கு கலக்கலாம். கொம்போஸ்ற் வேண்டாம், சாணம் வேண்டாம், உரம் வேண்டவே வேண்டாம். கட்டட வேலைக்குரிய சுண்ணாம்புக்கல் தூளையும் தவிர்த்துவிடுங்கள், ஏனென்றால் இந்தச் செடி சற்றுப் புளிப்பான மண்ணையே விரும்பும்; பி.எச். 7-க்குக் கீழே இருந்தால் நல்லது.

ஆணிவேர்ச் செடி என்பதால் ஆழம் முக்கியம். முளைத்த சில வாரங்களிலேயே வேர், மேலே தெரியும் செடியைவிடப் பலமடங்கு நீளமாக இறங்கிவிடும். பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. எனவே விதையை நிற்கவேண்டிய இடத்திலேயே போடுங்கள்.

ஆஸ்டின் வாசகி (டெக்சாஸ்)

வணக்கம். நான் டொராண்டோ பக்கம் வாழ்ந்தவள் அல்ல. மதுரையிலிருந்து நேரே டெக்சாஸுக்கு வந்தவள். இருந்தாலும் பத்து ஆண்டுகளாக எங்கள் ஊருக்கு உரிய லூபினை வளர்த்து வருகிறேன் என்பதால், விதையைப் பற்றி மட்டும் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இங்கே அதற்கு நீலத்தொப்பி என்ற பொருளில் புளூபொன்னெட் என்று பெயர். 1901-இலேயே மாநில மலராக அறிவிக்கப்பட்டது. அப்போது தேர்ந்தெடுத்தது மணற்பாங்கான பகுதிகளில் வளரும் ஓர் இனத்தை மட்டும்தான். நாங்கள் சாலையோரம் எங்கும் காணும் லூபினஸ் டெக்சென்சிஸ் அதில் சேராமல் இருந்து, 1971-இல்தான் மாநிலத்தில் வளரும் எல்லா லூபின்களுக்கும் அந்தப் பெருமை பொதுவாக்கப்பட்டது. உங்கள் செடி பல்லாண்டு வாழ்வது. எங்களுடையது ஒரே ஆண்டுச் செடி. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பருக்குள் விதைத்தால் குளிர்காலம் முழுதும் தரையோடு ஒட்டிய இலைத்தட்டாகக் கிடந்து, மார்ச் கடைசியில் பூத்து, மே மாதத்தில் விதை சிந்திவிட்டு மடிந்துவிடும். சுண்ணாம்பு நிறைந்த மண்ணிலும் தயங்காமல் வளரும். ஆகவே எங்கள் விதையை அங்கே போட்டாலும் உங்கள் விதையை இங்கே போட்டாலும் வீண்தான். ஒரே குடும்பம் என்றாலும் ஊர் வேறு, பழக்கம் வேறு.

ஆனால் விதையின் ஓடு இரண்டுக்கும் ஒன்றுபோலவே கெட்டி. உங்கள் பழைய விதைகள் முளைக்காமல் போனதற்கு அதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும். கொன்றை விதையையும் குன்றிமணியையும் அப்படியே தண்ணீரில் போட்டால் மாதக்கணக்கில் கல்லாகக் கிடக்கும் அல்லவா, அதே கதைதான். நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு மூடி போட்ட டப்பாவின் உட்புறத்தில் உப்புத்தாளை வளைத்து ஒட்டி, விதைகளை உள்ளே போட்டு, அரிசி புடைக்கும் நேரம் அளவுக்குக் குலுக்குவேன். பளபளப்பு மங்கி ஓட்டில் வெளிறிய கீறல்கள் தெரிந்தால் போதும். உள்ளிருக்கும் பருப்பு தெரியும்வரை தேய்த்தால் அழுகிவிடும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறவைப்பேன். காலையில் பார்த்தால் கீறல் சரியாக விழுந்தவை இருமடங்காக உப்பியிருக்கும், கீறல் விழாதவை முன்போலவே சிறுத்துக் கிடக்கும். உப்பாதவற்றை மட்டும் பிரித்தெடுத்து மறுபடி தேய்ப்பேன். இதைச் செய்யத் தொடங்கிய ஆண்டிலிருந்து எனக்கு விதை வீணாவது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பூக்கும் காலத்தில் கதிரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். எங்கள் செடியின் ஒவ்வொரு பூவிலும் மேலே நிமிர்ந்த இதழின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். பூ மூப்படைய மூப்படைய அந்தப் புள்ளி கருஞ்சிவப்பாக மாறிவிடும். வெள்ளைப் புள்ளி உள்ள பூவில் மகரந்தம் புதியது, நிறையவும் இருக்கும். தேனீ அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு சிவந்தவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. அது வந்து அமர்ந்ததும் அதன் எடையில் கீழிதழ்கள் அழுந்த, உள்ளே மூடியிருக்கும் கூர்முனை வழியாக மகரந்தம் பசைபோல் பிதுங்கி அதன் வயிற்றில் ஒட்டும். அகத்திப் பூவையும் அவரைப் பூவையும் இத்தனை நாள் பறித்துச் சமைத்திருந்தும், அந்த இதழ்கள் ஏன் அப்படி மடிந்திருக்கின்றன என்று எனக்கு இங்கே வந்துதான் புரிந்தது.

அத்லாந்திக் கரை (ஹலிஃபக்ஸ்)

முல்லைக்கொடி அக்காவுக்கு, நொவா ஸ்கோஷியாவிலிருந்து ஓர் எச்சரிக்கை.

ஜூன் மாதத்தில் எங்கள் பக்கம் நெடுஞ்சாலையில் பயணம் செய்தால் இருபுறமும் லூபின் வெள்ளம். பக்கத்திலுள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவிலும் அப்படியே. சுற்றுலா அஞ்சலட்டைகளில்கூட அந்தப் படம்தான் இருக்கும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களே அதை இந்த மண்ணின் பூ என்று நம்புகிறார்கள். ஆனால் அது அத்தனையும் மேற்குக் கரையிலிருந்து தோட்டச் செடியாக வந்து, வேலி தாண்டி ஓடிய பாலிஃபில்லஸ் இனமும் அதன் கலப்புகளும்தான். நியூசிலாந்தில் இதே செடி ஆற்றுப் படுகைகளில் புகுந்து, வெறும் கூழாங்கல் திட்டுகளில் முட்டையிடும் பறவைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சத்தற்ற மண்ணில் நைதரசனைச் சேர்த்துவிடும் அதே நற்குணம், அந்நிய இடத்தில் மற்றச் செடிகளுக்குப் பகையாகிவிடுகிறது.

அருகே மேய்ன் மாநிலத்தின் நிலைமை எனக்கு இன்னும் வருத்தமானது. அங்கே ஒரு காலத்தில் உண்மையான பெரெனிஸ் இருந்தது. இப்போது இயற்கை நிலையில் அது அற்றுப்போய்விட்டது. ஆனால் சாலையோரம் முழுதும் மேற்கத்திய லூபின் பூத்துக் கிடப்பதால், ஒன்று தொலைந்தது என்பதே பலருக்குத் தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டு இனமும் பக்கத்தில் நின்றால் தேனீ வழியாகக் கலக்கக்கூடும். உங்கள் பழைய கலப்பினச் செடியின் விதைகள் மண்ணில் கிடந்து இன்னும் முளைக்கலாம். லூபின் விதை ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். அப்படி ஏதாவது எழுந்தால், பூ வரும்வரை இரக்கப்படாமல், இலை எண்ணிக்கையைப் பார்த்தவுடனே பிடுங்கிவிடுங்கள். அண்டை வீட்டில் கலப்பினம் இருந்தால் உங்கள் செடியின் விதையைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள்.

முல்லைக்கொடி (ஸ்காபரோ)

எல்லோருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் கறிக் கதையை அன்றே முடித்துவிட்டேன். பாத்திக்கு வேண்டிய பலகையும் மணலும் இந்த வாரம் வந்துவிடும். வடமராட்சி ஐயா, இன்னும் மூன்று ஐயங்கள். விதையை எங்கே பெறுவது, ஹை பார்க்கிலிருந்து நாலு நெற்றுப் பறித்துவந்தால் தவறா? வேர்முடிச்சுக்கு ஏதோ ஒரு தூள் விற்கிறார்களாமே, அது தேவையா? இவற்றோடு, இந்தச் செடியை மட்டுமே நம்பி வாழும் நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று இருப்பதாக அந்தத் தன்னார்வலர் சொன்னார். மகள் அதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள். வருமா?

வடமராட்சி (லண்டன், ஒன்ராறியோ)

தங்கையே, பூங்காவிலிருந்து ஒரு நெற்றுக்கூட எடுக்கக் கூடாது. நகர விதி தடுக்கிறது என்பது ஒரு புறம்; எஞ்சியிருக்கும் அந்தச் சிறு பரப்பில் அடுத்த தலைமுறைச் செடி அந்த நெற்றுக்குள்தான் இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம். நெற்று முற்றிக் கறுத்ததும், வெயிலேறிய பிற்பகலில் "டப்" என்று வெடித்து இரு பாதியும் முறுக்கிக்கொள்ள, விதை சில மீற்றர் தூரத்துக்குத் தெறிக்கும். மற்றச் செடிகளின் விதையைப் பறவையும் காற்றும் சுமந்துசெல்வதைப்போல் தொலைதூரம் பரப்ப இதற்கு வேறு வழியில்லை. அதனால்தான் ஓரிடத்தில் அழிந்தால் பக்கத்திலிருந்து தானாக வந்து சேர்வதில்லை.

உள்ளூர்த் தாவரங்களை மட்டும் வளர்த்து விற்கும் நாற்றுப்பண்ணைகள் ஒன்ராறியோவில் பல உண்டு; அறிவியற்பெயரோடு, விதை எந்த மாவட்டத்திலிருந்து சேகரித்தது என்றும் கேளுங்கள், நல்ல பண்ணையார் தயங்காமல் சொல்வார். ரொறன்ரோவை மையமாகக் கொண்ட வட அமெரிக்கச் சுதேசத் தாவரச் சங்கம் உறுப்பினர்களிடையே விதைப் பரிமாற்றம் நடத்துகிறது, செடி விற்பனையும் வைக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம்.

நீங்கள் கேட்ட தூள் தேவைதான், உங்கள் விடயத்தில் கட்டாயம் என்றே சொல்வேன். கழுவிய மணலில் அந்த நுண்ணுயிர் இருக்காது. ஆனால் பயற்றுக்கும் பட்டாணிக்கும் விற்கும் தூள் இதற்குப் பயன்படாது. ஒவ்வொரு அவரைக் கூட்டத்துக்கும் தனித்தனி நுண்ணுயிர் என்பதால், லூபினுக்கென்று எழுதியிருப்பதையே வாங்க வேண்டும். அதில் இருப்பது உயிருள்ள பொருள்: காலாவதித் திகதியைப் பாருங்கள், குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். ஊறிய விதையை வடித்து, ஈரம் இருக்கும்போதே கரும்பொடியைப் புரட்டி, உடனே மண்ணுக்குள் போட்டுவிடுங்கள். வேலை செய்ததா என்று அறிய வேண்டுமானால், நெருக்கமாக முளைத்த ஒரு நாற்றைக் கோடையின் நடுவில் தியாகம் செய்து வேரைக் கழுவிப் பாருங்கள். வேரை ஒட்டி முடிச்சு திரண்டிருக்கும். அதை நகத்தால் கீறினால் உள்ளே இறைச்சிபோல் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அதுதான் காற்றிலிருந்து நைதரசன் இறங்கும் அடையாளம். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. நம் ஊரில் பசளைக்காகச் சணலை விதைத்துப் பூக்கும் முன் மடித்து உழுதவர்களுக்கு இந்த முடிச்சு புதியதல்ல. லூபின் என்ற சொல்லே ஓநாய் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, மண்ணின் சத்தை ஓநாய்போல் விழுங்குவதாக முன்னோர் எண்ணியதால் வந்த பெயர் என்பார்கள். சத்தற்ற மண்ணில் அது நிற்பதைக் கண்டவர்கள், அங்கே அதுதான் சத்தைச் சேர்க்கிறது என்பதை அறியாமல் போனார்கள்.

விதைக்கும் காலத்தைப் பற்றி: ஒன்ராறியோவில் இரண்டு வழி உண்டு. ஒக்ரோபர் கடைசியில் அல்லது நவம்பரில், நிலம் உறையும் முன் தேய்க்காமலே விதைத்துவிட்டால், பனியும் உருகலும் ஓட்டைப் பதப்படுத்தி வசந்தத்தில் முளைக்கவைக்கும். தேய்த்து ஊறவைத்த விதையை இலையுதிர் காலத்தில் போடாதீர்கள். அது அப்போதே முளைத்துக் குளிரில் மாண்டுவிடும். வசந்தத்தில் விதைப்பதானால், சகோதரி சொன்னபடி தேய்த்து, ஈரமணலோடு ஒரு பையில் இட்டுப் பத்து நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஏப்ரல் கடைசியில் நடுங்கள். உங்களுக்குத் தூளும் சேர்க்க வேண்டியிருப்பதால் இரண்டாவது வழியே பொருந்தும். ஆழம் ஒரு சென்டிமீற்றர், இடைவெளி ஓரடி.

இப்போது மகளின் கேள்வி. அந்த வண்ணத்துப்பூச்சியின் பெயர் கார்னர் நீலம். நியூயோர்க் மாநிலத்தின் கார்னர் என்ற ஊர்ப்பெயரால் வழங்குவது. விரித்த சிறகு ஓர் அங்குலம்தான் இருக்கும். அதன் புழு இந்த ஒரு லூபினின் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. ஆண்டுக்கு இரண்டு தலைமுறை, இரண்டுக்கும் இதே இலைதான் உணவு. எறும்புகள் அந்தப் புழுவைச் சூழ்ந்து, அது சுரக்கும் இனிப்பை உண்டு, பகைவரிடமிருந்து காக்கும். ஒன்ராறியோவில் அது கடைசியாகக் காணப்பட்டது 1991-இல். அமெரிக்காவில் 1992-இல் அருகிவரும் இனமாகப் பட்டியலிட்டார்கள். விஸ்கொன்சினில் இன்றும் நல்ல எண்ணிக்கையில் வாழ்கிறது, நியூ ஹம்ஷயரில் அற்றுப்போய், மறுபடி கொண்டுவந்து வளர்த்துவிட்டிருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் வளவுக்கு அது வராது. பிள்ளைக்கு இதை மறைக்காமல் சொல்லுங்கள். ஏன் போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ஓக் மரச் சவன்னா நிலங்கள் வயலாகவும் வீடாகவும் மாறின, எஞ்சியவற்றிலும் தீ அணைக்கப்பட்டதால் புதர் மூடி நிழல் விழுந்து, லூபின் குறைந்தது. முன்பு அந்த நிலங்களைக் காலந்தோறும் திட்டமிட்டு எரித்துத் திறந்தவெளியாக வைத்திருந்தவர்கள் இங்குள்ள முதற்குடி மக்கள். ஹை பார்க்கில் இப்போது வசந்தத் தொடக்கத்தில் கட்டுப்படுத்திய தீ வைக்கிறார்களே, அது இதற்காகத்தான். உங்கள் பாத்திக்கு வருவது பருத்த வண்டுத்தேனீ. மே மாதத்தில் கூடு தொடங்கும் இராணித் தேனீக்கு லூபின் பெரிய விருந்து. அதைப் பார்க்கப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உட்காருங்கள்.

முல்லைக்கொடி (ஸ்காபரோ), அடுத்த ஆண்டு ஓகஸ்ற்

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். சொன்னபடியே செய்தேன். நாற்பது விதையைத் தேய்த்து ஊறவைத்தபோது முப்பத்தொன்று உப்பின; மீதியை மறுபடி தேய்த்தேன். ஏப்ரல் கடைசியில் விதைத்து, மே நடுவில் இருபத்தாறு முளைத்தன. தடித்த இரு வித்திலைகளுக்கு நடுவிலிருந்து முதல் இலை விரல்களை மடித்த குழந்தைக் கைபோல் எழுந்து, இரண்டு நாளில் விரிந்தது. காலையில் போய்ப் பார்த்தால், சிற்றிலைகள் கூடும் நடுக்குழியில் ஒவ்வொரு செடியிலும் ஒரேயொரு பனித்துளி, சேம்பிலைத் தண்ணீர்போல் ஒட்டாமல் உருண்டு நின்றது. மகள் அதைத் தினமும் எண்ணினாள்.

ஜூன் முதல் வாரத்தில் முயல் ஒரே இரவில் ஒன்பது செடிகளைத் தரைமட்டமாக நறுக்கிவிட்டது. அன்றே கோழிவலை வாங்கிச் சுற்றி அடித்தேன். அந்த ஒன்பதில் நான்கு மறுபடி துளிர்த்தன. நெருக்கமாக நின்ற ஒன்றைப் பிடுங்கி வேரைக் கீறிப் பார்த்தேன், உள்ளே இளஞ்சிவப்புத்தான். எண்ணிப் பார்த்த இலைகளில் எட்டும் ஒன்பதுமாகச் சிற்றிலைகள் இருக்கின்றன.

இப்போது கவலை வேறு. ஜூலை கடைசியிலிருந்து இலைகளில் வெண்பொடி படர்ந்து, ஓரம் மஞ்சளாகி, சில செடிகள் முழுதாகவே கருகிவிட்டன. தண்ணீர் விடலாமா, மருந்து தெளிக்கலாமா, அல்லது இந்த முறையும் தொலைத்துவிட்டேனா? ஒரு பூக்கூட வரவில்லை.

வடமராட்சி (லண்டன், ஒன்ராறியோ)

தொலைக்கவில்லை. முதலாண்டில் பூ வராது. இரண்டாம் ஆண்டில் சில, மூன்றாம் ஆண்டில்தான் பாத்தி நிறையக் கதிர் வரும். கோடை முற்றியதும் மேலே காய்ந்து, வேர்க்கழுத்தில் மொட்டை வைத்துக்கொண்டு உறங்குவது இதன் இயல்பு. வெண்பொடி பூஞ்சணம் ஓகஸ்றில் அநேகமாக எல்லா லூபினுக்கும் வரும், செடியைக் கொல்லாது. மருந்து வேண்டாம். தண்ணீரும் வேண்டாம், முதற்கோடையில் நாலைந்து வாரம் மழையே இல்லாமல் போனால் மட்டும் ஒருமுறை ஆழமாக விடுங்கள்.

காய்ந்த இலையை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள். ஏப்ரலில் பாத்தியைத் துப்புரவாக்கும்போது வெற்றிடம் என்று எண்ணி யாரும் மண்வெட்டியைப் போட்டுவிடாமல் இருப்பதற்குத்தான். வலையையும் கழற்றாதீர்கள், அடுத்த வசந்தத்தில் முதல் துளிரைத் தேடி முயல்தான் உங்களுக்கு முன்பே வரும்.